வெளிமாநிலக் கட்டணமும் வெள்ளவத்தை வீட்டுக் கணக்கும்

அண்ணாவின் மகளுக்கு அமெரிக்காவில் ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் வணிகம் படிக்க இடம் கிடைத்த செய்தி 2024 மார்ச்சில் வந்தது. உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருந்த நேரம். வீட்டில் எல்லோருக்கும் பெரிய சந்தோஷம். நான் ஒரு இறக்குமதிக் கம்பனியின் கணக்குப் பிரிவில் நெடுங்காலமாக வேலை செய்பவள் என்பதால், "மாமி, நாலு வருஷத்துக்கும் சேர்த்து எவ்வளவு வரும் எண்டு நீங்கள் ஒருக்காப் பாருங்கோ" என்று அவளே கடிதத்தை எனக்கு அனுப்பினாள். அந்தக் கணக்கைப் போடப் போய்த் தெரிந்துகொண்டவற்றைத்தான் எழுதுகிறேன். கொழும்பில் வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனைப் பக்கம் எத்தனையோ வீடுகளில் இதே பேச்சு நடக்கிறது. காணியை விற்பதா, வைப்புப் பணத்தை உடைப்பதா என்று பெற்றோர் இரவில் பேசுகிறார்கள். அவர்களுக்கு இது உதவ வேண்டும் என்பதுதான் என் ஆசை.

முதலில் அந்த "வெளிமாநிலக் கட்டணம்" என்ன என்று பார்ப்போம். அமெரிக்காவில் அரசுப் பல்கலைக்கழகங்கள் அந்தந்த மாநிலங்களின் பொறுப்பு. அந்த மாநிலத்தில் குடியிருந்து வரி கட்டும் குடும்பத்துப் பிள்ளைக்கு ஒரு கட்டணம், வெளியிலிருந்து வருபவருக்கு வேறு கட்டணம். கொலேஜ் போர்ட் என்ற அமெரிக்கக் கல்வி அமைப்பு வெளியிட்ட 2023–24 கல்வியாண்டுக் கணக்கில், நான்கு வருட அரசுப் பல்கலைக்கழகங்களின் சராசரிக் கல்விக் கட்டணம் உள்மாநில மாணவருக்கு 11,260 டொலர், வெளிமாநில மாணவருக்கு 29,150 டொலர். ஒகையோவிலிருந்து பக்கத்து இந்தியானாவுக்குப் படிக்கப் போகும் அமெரிக்கப் பிள்ளையும் பெரும்பாலும் இந்தக் கூடிய கட்டணத்தைத்தான் கட்டுகிறது. மாணவர் விசாவில் போகும் நம் பிள்ளைகள் எந்த மாநிலத்துக்குப் போனாலும் பெரும்பாலும் வெளிமாநிலக் கணக்கில்தான் வருவார்கள். சில பல்கலைக்கழகங்கள் வெளிநாட்டு மாணவர் என்று அதன்மேல் இன்னொரு தொகையும் சேர்க்கின்றன. ஒரே வகுப்பு, ஒரே விரிவுரையாளர், பக்கத்துக் கதிரையில் இருக்கும் பிள்ளை கட்டுவதைப் போல இரண்டரை மடங்கு.

இதில் எனக்குக் கோபம் இல்லை. அந்த மாநிலத்து மக்களின் வரிப்பணத்தில் நடக்கும் பல்கலைக்கழகம் அவர்களின் பிள்ளைகளுக்குக் குறைத்துக் கொடுக்கிறது. இங்கே நம் பிள்ளைகள் அரசாங்கக் கம்பஸில் கட்டணம் இல்லாமல் படிப்பதும் அதே நியாயத்தில்தான். ஆனால் அந்தக் கூடிய விலையைக் கொடுத்து எதை வாங்குகிறோம் என்று கேட்காமல் இருக்க முடியாது.

மருமகளின் விண்ணப்பத்தைப் பார்த்துக் கொடுத்தது கொழும்பில் உள்ள ஒரு முகவர் நிலையம். அவர்கள் கொடுத்த ஒரு பக்கத் தாளில் கல்விக் கட்டணம் 29,500 டொலர், புலமைப்பரிசில் 8,000 டொலர், "நீங்கள் கட்ட வேண்டியது 21,500 டொலர்" என்று பெரிய எழுத்தில் இருந்தது. அப்போது டொலர் 300 ரூபாயைச் சுற்றி நின்றது. வருடத்துக்கு 64 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய். அண்ணா மனதுக்குள் வைத்திருந்த தொகை அதுதான்.

பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கத்தில் வருடச் செலவு மதிப்பீடு தனியாக இருந்தது. விடுதியும் சாப்பாடும் 12,500, கட்டாய மருத்துவக் காப்புறுதி 2,400, புத்தகமும் சில்லறைச் செலவும் 1,600. ஆக மொத்தம் 46,000 டொலர். புலமைப்பரிசிலைக் கழித்தால் 38,000. ரூபாயில் 1 கோடியே 14 லட்சம். தாளில் பார்த்த தொகையைவிட வருடத்துக்கு ஏறக்குறைய 50 லட்சம் கூட. விமான ரிக்கெட், அப்போதைய விசாக் கட்டணம் 185 டொலர், மாணவர் பதிவுக்கான செவிஸ் கட்டணம் 350 டொலர் எல்லாம் இதற்கு வெளியே.

அடுத்தது நான்கு வருடக் கணக்கு. பலரும் முதல் வருடத் தொகையை நாலால் பெருக்கிவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். புலமைப்பரிசில் கடிதத்தை வரிவரியாக வாசித்தால், அது வருடம் 8,000 டொலர் என்று நிலையான தொகையாக இருந்தது. கட்டணம் ஏறினாலும் அது ஏறாது. அதோடு சராசரிப் புள்ளி ஒரு மட்டத்துக்குக் கீழே போனால் அது நின்றுவிடும். வருடத்துக்கு 3 வீதம் மட்டும் விலை ஏறுகிறது என்று வைத்துப் போட்டேன். நான்கு வருடத்துக்கு நாங்கள் கொடுக்க வேண்டியது சுமார் 1,60,400 டொலர். 300 ரூபாய்க்கு 4 கோடியே 81 லட்சம்.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 4 கோடியே 81 லட்சம் என்பது டொலர் நான்கு வருடமும் 300-இல் நின்றால்தான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயாக இருந்த டொலர் அந்த மே மாதம் 360-ஐத் தொட்டதை நாங்கள் எல்லோரும் பார்த்தோம். அந்த வருடம் பிள்ளைகளை வெளிநாட்டில் வைத்திருந்த குடும்பங்கள் பட்ட பாடு எனக்கு நேரில் தெரியும். கையில் ரூபாய் இருந்தும் வங்கியில் டொலர் இல்லை. கட்டணம் கட்டும் தவணைக்குள் அனுப்ப முடியாமல் வங்கி வங்கியாக அலைந்தார்கள். மருமகளின் கணக்கை 360-இல் திரும்பப் போட்டால் 5 கோடியே 77 லட்சம் வருகிறது. ஒரு கோடிக்குக் கிட்ட வித்தியாசம், அதுவும் நம் கையில் இல்லாத ஒரு காரணத்தால். ரூபாயில் உழைத்து டொலரில் கட்டப் போகும் எந்தக் குடும்பமும் இரண்டு விலையில் கணக்குப் போட வேண்டும்: இன்றைய விலையில் ஒன்று, அதைவிட 20 வீதம் கூட்டி இன்னொன்று. இரண்டாவது தொகைக்கும் காசு எங்கிருந்து வரும் என்று சொல்லத் தெரிந்தால்தான் அந்தப் படிப்பு நம் சக்திக்குள் இருக்கிறது என்று அர்த்தம்.

"கம்பஸுக்குள்ளேயே வேலை செய்து சாப்பாட்டுச் செலவைப் பார்த்துக்கொள்ளலாம்" என்றும் முகவர் நிலையத்தில் சொன்னார்கள். எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்புக் காலத்தில் கம்பஸுக்குள் வாரத்துக்கு 20 மணித்தியாலம்தான் வேலை செய்யலாம். மணிக்கு 12 டொலர் என்று வைத்து, 30 வாரத்துக்கு 7,200 டொலர். அதுவும் வேலை கிடைத்தால், வரி கழிக்க முன்னர். அந்தக் காசு உதவும். ஆனால் அதை நம்பிக் கணக்கை மூடக் கூடாது. விசாவுக்காகப் பல்கலைக்கழகம் கொடுக்கும் ஐ-20 படிவத்துக்குக் காட்ட வேண்டிய பணத்தில் அதைச் சேர்க்கவும் முடியாது.

வணிகப் படிப்புக்கென்றே இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. பொறியியலுக்கோ கலைப் பிரிவுக்கோ விசாரிப்பது போல இதை விசாரித்தால் இரண்டும் கண்ணில் படாது. ஒன்று, பல மாநிலப் பல்கலைக்கழகங்கள் வணிகப் பீட மாணவரிடம் மற்றவரைவிடக் கூடிய கட்டணம் வாங்குகின்றன. பல இடங்களில் அது மூன்றாம் வருடத்தில்தான் தொடங்கும் என்பதால் முதல் வருட மதிப்பீட்டில் இருக்காது. மற்றது இன்னும் முக்கியம். கடிதத்தில் "வணிகத்துக்கு முந்திய நிலை" என்ற மாதிரி ஒரு சொல் இருந்தால் கவனியுங்கள். பிள்ளை பல்கலைக்கழகத்துக்குள் எடுக்கப்பட்டிருக்கிறது, வணிகப் பீடத்துக்குள் இன்னும் எடுக்கப்படவில்லை என்று பொருள். ஒன்று அல்லது இரண்டு வருடம் படித்து, குறிப்பிட்ட பாடங்களில் குறிப்பிட்ட புள்ளி எடுத்துத் திரும்ப விண்ணப்பிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் வேறு பிரிவுக்கு மாற வேண்டும். எங்கள் கடிதத்தில் அந்தச் சொல் இருந்தது. மருமகள் மின்னஞ்சல் போட்டுக் கேட்டபோது பல்கலைக்கழகம் ஒளிக்காமல் பதில் சொன்னது. இரண்டு கோடிக்கு மேல் கட்டி முடித்த பிறகு, விரும்பிய பாடம் கிடைக்கவில்லை என்று ஒரு பிள்ளை கேட்கும் நிலை வரலாம் என்பது அந்தப் பதிலில்தான் எங்களுக்கு உறைத்தது.

அண்ணியின் தம்பி டெக்சாஸில் இருக்கிறார். "என்ர வீட்டில நிண்டு படிக்கட்டும் அக்கா, அப்ப உள்ளூர்க் கட்டணம்தானே" என்று தொலைபேசியில் அண்ணியிடம் சொன்னார். மனம் நிறைந்து சொன்ன சொல். உறவுக்காரர் வீடு அந்த மாநிலத்தில் இருந்தால் உள்மாநிலக் கட்டணம் கிடைக்கும் என்ற நம்பிக்கை நம் ஆட்களிடம் மிகவும் பரவலாக இருக்கிறது. அப்படிக் கிடைப்பதில்லை. பெற்றோரின் நிரந்தரக் குடியிருப்பும் குடிவரவு நிலையும்தான் பார்க்கப்படும். படிப்பதற்காக வந்து தங்கியிருப்பது குடியிருப்பாகக் கணக்கில் வராது. உறவுக்காரர் வீட்டில் மிச்சமாவது அறையும் சாப்பாடும்தான். அதிலும் சில பல்கலைக்கழகங்கள் முதல் வருடம் விடுதியில்தான் இருக்க வேண்டும் என்கின்றன.

ஆனால் டெக்சாஸ் பற்றிய அந்தப் பேச்சால் ஒரு நல்ல விஷயம் தெரிய வந்தது. டெக்சாஸ் மாநிலச் சட்டத்தில் ஒரு ஏற்பாடு இருக்கிறது. அங்குள்ள அரசுப் பல்கலைக்கழகம் ஒன்று போட்டி அடிப்படையில் வருடத்துக்குக் குறைந்தது 1,000 டொலர் புலமைப்பரிசில் கொடுத்தால், அந்த மாணவர் வெளிமாநிலத்தவரோ வெளிநாட்டவரோ ஆனாலும் உள்மாநிலக் கட்டணத்துக்குத் தகுதி பெறலாம். எல்லாப் புலமைப்பரிசிலும் இதில் சேராது, எத்தனை பேருக்கு என்பதிலும் வரையறை இருக்கிறது. ஆயினும் 1,000 டொலர்ப் பரிசில் ஒன்று, தொகையில் பல மடங்கு பெரிய பரிசிலைவிடக் கூடுதலாக மிச்சம் பிடித்துத் தரும். வேறு மாநிலங்களிலும் தனித்தனிப் பல்கலைக்கழகங்கள் வெளிமாநிலக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்கின்றன. எனவே "எவ்வளவு புலமைப்பரிசில்?" என்று கேட்பதோடு "வெளிமாநிலக் கட்டணத் தள்ளுபடி ஏதாவது உண்டா?" என்றும் தனியாகக் கேளுங்கள். முகவர்கள் இதைத் தாமாகச் சொன்னதை நான் காணவில்லை. கொழும்பு 3-இல் இருக்கும் ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில் அமெரிக்கப் படிப்புக்கான ஆலோசனை கிடைக்கிறது. மாணவரைச் சேர்த்துவிடப் பல்கலைக்கழகத்திடம் தரகு வாங்காத ஒரு இடத்தில் பேசுவது நல்லது.

கடன் பேச்சும் வந்தது. அமெரிக்க வங்கிகள் பெரும்பாலும் அந்நாட்டுக் குடியுரிமையோ நிரந்தர வதிவிடமோ உள்ள ஒருவரின் பிணைக் கையெழுத்தைக் கேட்கும். டெக்சாஸ் மாமா வைக்கத் தயார் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். மருமகளால் கட்ட முடியாமல் போனால் அவருடைய வீட்டுக் கடன், அவருடைய பிள்ளைகளின் படிப்பு எல்லாம் அடிபடும். உறவில் அன்பு இருக்கும்போதே இதை வெளிப்படையாகப் பேச வேண்டும். இங்கே கடன் எடுப்பதானால் 2022, 2023-இல் வட்டி 25 வீதத்தையும் தாண்டி நின்றதை மறக்கக் கூடாது. மாறும் வட்டியில் நீண்ட காலக் கடன் எடுத்து, மாறும் டொலரில் கட்டணம் கட்டுவது இரட்டைப் பாரம்.

படித்து முடித்த பிறகு என்ன என்பதை எங்கள் வீட்டில் யாரும் முதலில் கேட்கவில்லை. "அமெரிக்கப் பட்டம் இருந்தால் அங்கேயே வேலை" என்று எல்லோரும் எடுத்துக்கொண்டார்கள். எஃப்-1 மாணவர் பட்டம் முடித்தபின் ஓ.பி.டி. என்ற அனுமதியில் 12 மாதம் வேலை செய்யலாம். அறிவியல், தொழில்நுட்பப் பிரிவாக வகைப்படுத்தப்பட்ட படிப்புக்கு இன்னும் 24 மாதம் சேரும். மருமகள் விரும்பியது சந்தைப்படுத்தல். அதற்கு அந்த நீடிப்பு இல்லை. வணிகத் தரவுப் பகுப்பாய்வு, முகாமைத்துவ விஞ்ஞானம் போன்றவை பல இடங்களில் அந்த வகைக்குள் வருகின்றன. பாடத்தின் பெயரை நம்பாமல், அந்தப் படிப்பு எந்த வகையில் சேரும் என்று காட்டும் சி.ஐ.பி. குறியீடு என்ன என்று பல்கலைக்கழகத்திடம் கேட்க வேண்டும். ஒரே பீடத்தில் இரண்டு பிரிவுகளுக்கு இடையில் இந்த ஒரு குறியீட்டால் இரண்டு வருட வேலை அனுமதி போகலாம், வரலாம்.

அதற்குப் பிறகு எச்-1பி என்ற வேலை விசா. வருடத்துக்கு 85,000 இடம்; விண்ணப்பங்கள் அதைவிட மிகக் கூட என்பதால் குலுக்கல் போன்ற தெரிவு முறை. திறமை இருந்தும் பெயர் விழாதவர்கள் ஏராளம். 2025 செப்டம்பரில் புதிய எச்-1பி விண்ணப்பங்களுக்கு 1 லட்சம் டொலர் கட்டணம் என்று திடீர் அறிவிப்பு வந்தது. நாட்டுக்குள்ளேயே மாணவர் விசாவிலிருந்து மாறுபவருக்கு அது பொருந்தாது என்ற விளக்கம் அடுத்த மாதம்தான் வந்தது. இடையில் அந்தப் பெற்றோர் எப்படித் தூங்கியிருப்பார்கள் என்று யோசித்தேன். நான்கு வருடம் கழித்து அந்த விதி எப்படி இருக்கும் என்று இன்று யாராலும் சொல்ல முடியாது.

எனவே அண்ணாவையும் அண்ணியையும் மருமகளையும் ஒன்றாக உட்கார வைத்து ஒரு கேள்வி கேட்டேன்: பட்டத்தோடு கொழும்புக்குத் திரும்ப வேண்டி வந்தால், இந்தக் கடனும் செலவும் தாங்குமா? எங்கள் கம்பனியில் புதிதாகச் சேரும் பட்டதாரிக்கு மாதச் சம்பளம் ஒரு லட்சத்தைச் சுற்றி. பாதியை மிச்சம் பிடித்தாலும் வருடத்துக்கு 6 லட்சம். 4 கோடியே 81 லட்சத்தை மீட்க 80 வருடம். சம்பளம் ஏறும், உண்மைதான். ஏறினாலும் ஒரு தலைமுறைக் கணக்கு அது. வணிகப் பட்டத்தின் பெறுமதி எந்தச் சந்தையில் வேலை செய்யப் போகிறோம் என்பதைப் பொறுத்தது. அந்தப் பல்கலைக்கழகத்துக்கு வந்து ஆள் எடுக்கும் கம்பனிகள் சிகாகோவிலும் டல்லஸிலும் இருக்கின்றன. கொழும்பில் கணக்கு, நிதிப் பிரிவுக்கு ஆள் எடுக்கும்போது பட்டம் எங்கே என்பதற்கு முன்னால் சீமா என்ற முகாமைத்துவக் கணக்காளர் தகுதியில் எந்த மட்டம், பட்டயக் கணக்காளர் பரீட்சை எவ்வளவு முடித்தாய் என்றுதான் நாங்கள் பார்க்கிறோம். அமெரிக்காவில் படித்துத் திரும்பியவர்களும் இங்கே வந்து சீமாவுக்குப் பதிந்ததைக் கண்டிருக்கிறேன்.

மலிவான வழிகள் என்ன இருக்கின்றன என்று அப்புறம்தான் ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

அரசாங்கக் கம்பஸ் முதலாவது. கொழும்பு, ஸ்ரீ ஜயவர்தனபுர, களனி, யாழ்ப்பாணம், கிழக்கு, வவுனியா என்று முகாமைத்துவம் படிக்கப் பல இடம் உண்டு. கல்விக் கட்டணம் இல்லை. பெரும்பாலும் ஆங்கிலத்தில்தான் படிப்பிக்கிறார்கள், எனவே "அங்கே படித்தால் பிள்ளைக்கு ஆங்கிலம் வராது" என்ற பயமும் தேவையில்லை. சிக்கல் வெட்டுப்புள்ளி, அதாவது இடம் கிடைக்கத் தேவையான குறைந்தபட்சப் புள்ளி. இடங்களில் 40 வீதம் நாடளாவிய திறமைக்கு, 55 வீதம் மாவட்ட ஒதுக்கீடு, 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கு. கொழும்பு மாவட்டத்தில் எழுதும் பிள்ளைக்குப் போட்டி கடுமை. இன்னொரு விலையும் இருக்கிறது, அது காலம். பரீட்சை எழுதியதிலிருந்து முதல் விரிவுரைக்கு ஒரு வருடமும் போகும், கூடவும் போகும். 2024-இல் கல்விசாரா ஊழியர் வேலைநிறுத்தத்தில் பல்கலைக்கழகங்கள் இரண்டு மாதமளவில் முடங்கின. கட்டணம் இல்லை என்பதால் இதையெல்லாம் மறைத்துப் பேசக் கூடாது.

சீமா, பட்டயக் கணக்காளர் படிப்பு பற்றி நான் அனுபவத்தில் பேசலாம். ஏ.ஏ.ரி. என்ற ஆரம்பக் கணக்கியல் தகுதியை முடித்து, வேலை செய்துகொண்டே மாலையிலும் சனி ஞாயிறிலும் சீமா படித்தவள் நான். சான்றிதழ் மட்டத்தில் நான்கு பாடம். அதன்மேல் மூன்று மட்டம், ஒவ்வொன்றிலும் மூன்று பாடமும் ஒரு சம்பவ ஆய்வுப் பரீட்சையும். கட்டணம் பவுணில், ஆனால் பாடம் பாடமாகக் கட்டலாம். காசு இல்லாத தவணையில் ஒரு பாடத்தைத் தள்ளிப் போடலாம். வெளிநாட்டுக் கம்பஸில் அப்படித் தள்ள முடியாது. பட்டயக் கணக்காளர் வழியில் கணக்காய்வு நிறுவனத்தில் பயிற்சி கட்டாயம், படிக்கும்போதே ஒரு படிப்பணம் கையில் வரும். குறை என்னவென்றால் பட்டம் இல்லாமல் தொழில் தகுதி மட்டும் இருந்தால் பின்னாளில் முதுகலைக்குப் போகும்போது சில கதவுகள் மூடியிருக்கும். அதோடு வேலையும் படிப்பும் சேர்ந்து உடம்பை வாட்டும். இருபது வயதுப் பிள்ளைக்குக் கம்பஸ் வாழ்க்கை என்ற ஒன்றும் கிடைக்காது. அது சின்ன இழப்பு என்று நான் சொல்ல மாட்டேன்.

கொழும்பில் தனியார் கம்பஸ்கள் நிறைய. நாங்கள் விசாரித்த இடங்களில் மூன்று வருடப் பிரித்தானியப் பட்டத்துக்கு 15 லட்சத்திலிருந்து 35 லட்சம் வரை சொன்னார்கள். லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டத்தையும் இங்கிருந்தே படிக்கலாம். அதன் வணிக, நிதிப் பாடங்கள் பலவற்றுக்குக் கல்வி வழிகாட்டுவது லண்டன் பொருளியல் கல்லூரி. சேர முன்னர் ஒன்றைக் கட்டாயம் பாருங்கள். இங்கேயே பட்டம் கொடுக்கும் நிறுவனம் என்றால் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அந்தக் குறித்த பட்டத்துக்கு அனுமதி இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டம் என்றால் தாய்ப் பல்கலைக்கழகம், இங்குள்ள பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கும் பட்டியல்களில் இருக்க வேண்டும். நாளைக்கு அரசாங்க வேலைக்கு விண்ணப்பித்தால் இது கேட்கப்படும். உயர்தரம் சித்தியடைந்தவர்கள் அனுமதிக்கப்பட்ட அரசு சாரா நிறுவனங்களில் படிக்க 2017 முதல் வட்டியில்லாக் கடன் திட்டமும் உண்டு.

நாவலையில் இருக்கும் திறந்த பல்கலைக்கழகத்தின் முகாமைத்துவப் பட்டம் வேலை செய்பவர்களுக்கு நல்ல வழி. சென்னையும் பக்கம்தான். இந்திய அரசின் நேரு ஞாபகார்த்தப் புலமைப்பரிசிலில் இளங்கலை படிக்கலாம், இந்திய உயர்ஸ்தானிகராலய அறிவிப்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

அமெரிக்கப் பல்கலைக்கழகம் முற்பணம் கட்டக் கொடுத்த தவணை மே 1. உயர்தர முடிவு வந்தது மே 31. இந்த இடைவெளியில்தான் பல குடும்பங்கள் பயத்தில் காசைக் கட்டிவிடுகின்றன. மருமகள் வேறு வழி தேடினாள். சேர்க்கையை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்று எழுதிக் கேட்டாள். இடத்தைத் தள்ளிவைக்கலாம், புலமைப்பரிசிலைத் திரும்பப் பரிசீலிப்போம் என்று பதில் வந்தது. அந்த ஒரு வருடம் எங்களுக்கு மூச்சு விட நேரம் தந்தது. அதற்குள் அவள் சீமாவின் சான்றிதழ் மட்டத்தைத் தொடங்கினாள். கணக்குப் பாடம் அவளுக்கு எவ்வளவு இயல்பாக வருகிறது என்பது அப்போதுதான் அவளுக்கே தெரிந்தது. சந்தைப்படுத்தல் என்ற பேச்சு மெல்லக் குறைந்தது. நான்கு கோடியை ஒரு பாடத்தின் மேல் வைப்பதற்கு முன் அந்தப் பாடம் தனக்குப் பிடிக்குமா என்று பார்க்க ஒரு பிள்ளைக்குச் சில மாதமாவது கிடைக்க வேண்டும்.

வெட்டுப்புள்ளி வந்தபோது கொழும்பும் ஜயவர்தனபுரவும் கிடைக்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் கிடைத்தது. "அமெரிக்கா போகப்போன பிள்ளை இப்ப யாழ்ப்பாணமா?" என்று ஒரு கலியாண வீட்டில் அண்ணியின் முகத்துக்கு நேரே கேட்டார்கள். அண்ணி அன்றிரவு அழுதாள். இந்தக் கேள்விக்குப் பயந்து எத்தனை பெற்றோர் காணியை விற்றிருப்பார்கள் என்று எனக்குத் தெரியாது, ஆனால் சிலரை எனக்கே தெரியும். ஊர் வாய்க்கு நான்கு கோடி கொடுக்க எந்தக் குடும்பத்துக்கும் கட்டாயம் இல்லை என்று அண்ணியிடம் சொன்னேன். விற்கவிருந்தது கொக்குவிலில் அவளுடைய சீதனக் காணி. அதற்கு மகளோடு மகனும் உரித்து. ஒரு பிள்ளையின் பட்டத்துக்கு அதை முழுக்கக் கரைத்தால் மற்றப் பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது என்ற கேள்வி எந்த முகவரின் தாளிலும் இல்லை, வீட்டில்தான் கேட்க வேண்டும்.

மருமகள் இப்போது யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் படிக்கிறாள். சீமாப் பாடங்களை இணைய வழியில் தொடர்கிறாள். விடுதியில் தண்ணீர், கொழும்பைப்போல இரவில் வெளியே போக முடியாதது என்று முறைப்பாடுகள் நிறைய உண்டு, எல்லாம் நியாயமானவை. பட்டம் முடித்து, இரண்டு வருடம் வேலை செய்து, பிறகு முதுகலைக்கு வெளிநாடு போக வேண்டும் என்று திட்டம் வைத்திருக்கிறாள். முதுகலை ஒன்றரை, இரண்டு வருடம்தான். உதவி ஆசிரியப் பணி கிடைத்தால் பல இடங்களில் கட்டணமும் குறையும். அப்போது கையில் அனுபவமும் கொஞ்சம் சொந்தக் காசும் இருக்கும்.

இதை வாசித்துவிட்டு யாரும் "மாமி அமெரிக்கா வேண்டாம் என்கிறா" என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. போக வேண்டிய பிள்ளைகள் இருக்கிறார்கள். கட்டணத்தின் பெரும் பகுதியைப் பல்கலைக்கழகமே ஏற்றால் போகட்டும். வெளிநாட்டு மாணவருக்கும் தேவை முழுவதையும் பார்த்துக்கொள்ளும் தனியார் கல்லூரிகள் சில உண்டு. இடம் கிடைப்பது மிகக் கடினம், அவற்றில் பெரும்பாலானவற்றில் இளங்கலையில் வணிகம் என்று தனிப் பட்டம் இருக்காது, பொருளியல்தான் இருக்கும். வணிகம் வேண்டும் என்று நிற்கும் பிள்ளை பொருளியலுக்கும் மனம் வைத்தால் அந்தக் கதவைத் தட்டிப் பார்க்கலாம். பெற்றோருக்கு டொலரில் வருமானம் இருந்தாலும் கணக்கு முழுக்க மாறும்.

மருமகளின் தம்பி அடுத்ததாக உயர்தரம் எழுதுகிறான், அதே வர்த்தகப் பிரிவு. அவனுக்கு டெக்சாஸ் மாமா வீட்டுப் பக்கம் ஒரு கண். இந்த முறை விண்ணப்பிக்க முன்னரே மேசையில் உட்கார்ந்து பேசிவிட்டோம். போட்டிப் புலமைப்பரிசிலுக்கான கடைசித் திகதிகள் சேர்க்கைத் திகதிக்கு முன்னரே முடிந்துவிடும் என்பதால் அவற்றைத்தான் முதலில் குறித்து வைத்திருக்கிறான். உள்மாநிலக் கட்டணம் என்று எழுத்தில் வந்தால் மாமா வீட்டில் தங்குவான், வணிகத் தரவுப் பகுப்பாய்வு படிப்பான். எழுத்தில் வராவிட்டால் இங்கேயே பட்டயக் கணக்காளர் படிப்புக்குப் பதிவான். அவனுடைய அக்கா இரண்டுக்கும் தனித்தனியாகக் கணக்குத் தாள் போட்டுக் கொடுத்திருக்கிறாள், டொலர் இன்றைய விலையில் ஒன்று, 20 வீதம் கூட்டி இன்னொன்று.